துண்டுக்கடியில் போன சத்தம்

எங்கள் கருங்கல்மேட்டுச் சந்தையில் மாடு விற்கிற பக்கத்துக்கும் பழைய மோட்டார் சைக்கிள் விற்கிற பக்கத்துக்கும் நடுவே ஒரு வேலிகூடக் கிடையாது. மழை பொய்த்த வருசங்களில் மாட்டுத் தரகர்களில் பாதிப் பேர் வண்டித் தரகுக்கு வந்துவிட்டார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்த கையால் கிளட்சைப் பிடித்துப் பார்க்கவும், வாலை முறுக்கிய கையால் ஆக்சிலேட்டரை முறுக்கவும் பழகிக்கொண்டார்கள், ஆனால் தோளில் கிடந்த துண்டை மட்டும் கீழே வைக்கவில்லை. அதனால் இன்றைக்கும் வண்டிக்கு விலை பேசுவது துண்டுக்கடியில்தான். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்குள் போய், விரலை விரல் பிடித்து, அமுக்கி, மடக்கி, உதறி, மறுபடி பிடித்து, வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, உள்ளே வியாபாரம் முடிந்துவிடும். அப்படிக் கை கோத்திருக்கும்போது ‘இது உனக்கு, இது எனக்கு’ என்று வாயிலிருந்து எது வந்தாலும் அது அப்படியே நடந்துவிடும், பிறகு கோர்ட்டுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் மாறாது என்பது சந்தையின் சட்டம்.

அந்தச் சட்டத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் சந்தையில் இல்லை. என் பெயர் நாச்சிமுத்து. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மூக்கணாங்கயிறு விற்று, ஏமாந்து, ஏமாற்றியவனைத் தேடிப்போய் அடித்து, அடித்ததற்குத் திருப்பி அடிவாங்கி, அப்படியே ஒரு தகரக் கொட்டகையும் இருபது வண்டியுமாக எழுந்து நின்றவன். வாயில் சூடு கொஞ்சம் அதிகம், அதை நான் மறைப்பதில்லை. அப்படிப்பட்ட நானே ஒரு நாள் துண்டுக்கடியில் வாயை விட்டேன்.

அது ஒரு கறுப்பு வண்டி, நூறு சி.சி. இஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் முள் முப்பத்தஞ்சைத் தொட்டால் எங்கிருந்தோ ஒரு சத்தம் வரும், அலுமினியத் தூக்குவாளியில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி, கடகடகடவென்று. எனக்கும் மெக்கானிக் சிக்கந்தர் பாய்க்கும் பதினேழு நாள் அந்தச் சத்தத்தைத் தேடுவதே வேலையாகிவிட்டது. பாய் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதில் பிடிபடாத சத்தத்துக்கு இன்னொரு வழி உண்டு: ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பாகமாகக் கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டும், எதைப் பிடித்ததும் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் அது இருக்கிறது. பாய் ஓட்டினார், நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து நம்பர் பிளேட்டைப் பிடித்தேன், சத்தம் நின்றது, சைக்கிள் ட்யூபை வெட்டி உள்ளே வைத்து முடுக்கினோம். மறுநாள் அது சைடு பேனலில் இருந்தது. அங்கே ரப்பர் வாஷர் போட்டோம். செயின் கவருக்குப் போனது. அங்கிருந்து சேலை கார்டுக்கு, சேலை கார்டிலிருந்து ஹெட்லைட்டுக்கு. பின்னால் பார்த்து உட்கார்ந்து போகிற என்னைப் பார்த்து எதிரில் வந்த பொம்பளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“பாய், லூசான போல்ட்டுன்னா ஒரு எடத்துல இருக்கோணும். இது வீடு மாறுது பாய்.”

“வாடகைக்கு இருக்குது போல நாச்சி,” என்றார் பாய்.

அந்த வாரச் சந்தைக்குத்தான் மாரப்பன் வந்தான். மலையடிவாரத்துக்காரன், முப்பது வயதுக்குள் இருக்கும், பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற குரல். தேனீ வளர்க்கிறான். முருங்கை பூத்தால் முருங்கைக் காட்டுக்கும் சூரியகாந்தி பூத்தால் சூரியகாந்திக் காட்டுக்கும் பெட்டியை மாற்றி மாற்றிக் கொண்டுபோக வேண்டும், அதுவரை அவனும் பொண்டாட்டியும் தலையில் சுமந்துகொண்டிருந்தார்கள். வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து நிறுத்தினான்.

“வண்டி புடிச்சிருக்குதுங்க. சத்தம் மட்டும் வேண்டாமுங்க. இதக் கேட்டாப் பூச்சி கலைஞ்சு போயிருமுங்க.”

“வண்டி வேணும், சத்தம் வேண்டாமா? கோழி வேணும், கொக்கரிக்க வேண்டாமா?”

“ஆமாங்க,” என்றான்.

துண்டைப் போட்டேன். காலை இட்லி செரிக்கிற வரைக்கும் பேசினோம், வெயில் தலைக்கு ஏறுகிற வரைக்கும் பேசினோம். நான் என்ன விரலைப் பிடித்தாலும் அவன் உதறவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை, ‘சத்தம் மட்டும் வேண்டாமுங்க’ என்பதையே அந்த எறும்புக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு மண்டைக்குள் ஏதோ கிழிந்தது. அவன் அஞ்சு விரலையும் சேர்த்து நெரித்துக்கொண்டு கத்தினேன்: “செரி போடா! வண்டி உனக்கு, சத்தத்த நா வெச்சுக்கறன்! எடுத்துட்டுக் கண்ணுல படாமப் போ!”

அவன் கிக்கரை உதைத்தான். வண்டி சாம்பல் மேல் நடக்கிற பூனை மாதிரிப் போனது. முப்பத்தஞ்சில் போனது, நாற்பதில் போனது, சந்தை முக்கில் திரும்பிக் கண்ணுக்கு மறைகிற வரையில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பாய் கையில் பிடித்திருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். தொலைந்தது சனியன் என்று நான் டீக்கடைக்கு நடந்தேன், மூன்றாவது அடியில் என் உடம்புக்குள்ளிருந்து கடகடகட என்று கேட்டது.

டீக்கடை ராஜாமணியக்கா டீயை ஆற்றிக்கொண்டே, “என்னுங்கண்ணா, சாவிக்கொத்து மாத்திட்டீங்களா?” என்றது. நான் சட்டைப் பையைக் கொட்டினேன், இடுப்பு பெல்ட்டை உருவினேன், அங்கேயே நின்று குதித்துக் காட்டினேன். கடகடகட. “அட, உள்ளுக்குள்ள இருந்துங்களா,” என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த ஆளுக்குச் சர்க்கரை போட்டது. சந்தைப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். சத்தம் எப்படி ஆளுக்குள் போகும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, துண்டுக்கடியில் சொன்னானா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள், சொன்னான் என்றதும் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். சுங்கம் வசூலிக்கிறவன் ஒருவன்தான் ரொம்ப நேரம் யோசித்தான்; கைமாறிய சரக்கு எதுவாக இருந்தாலும் சீட்டுப் போட வேண்டும் என்று சொல்லி, ‘சத்தம் - ஒன்று’ என்று எழுதிக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அப்புறம் ஊர் அதோடு வாழப் பழகிக்கொண்டது, போர்வெல் போட்ட இடத்தில் லாரிச் சத்தத்தோடு வாழப் பழகிக்கொள்கிற மாதிரி. கடகட அடிபம்பு முக்குக்கு வந்தால் என் பொண்டாட்டி பூங்கொடி தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள், டவுன் பஸ் கண்டக்டர் ‘கடகட ஏறியாச்சு, ரைட்’ என்று விசில் கொடுத்தான், சொன்ன தேதிக்குத் துணி தைக்காத டெய்லர் சத்தம் இரண்டு தெரு தள்ளி வரும்போதே பின்வாசல் வழியாகப் போய்விட்டுச் சத்தம் தேய்ந்ததும் திரும்பி வந்தான், கோயிலில் மேளக்காரர்கள் ‘அண்ணா, தாளம் பெசகுதுங்’ என்று கையெடுத்துக் கும்பிட்டு என்னைத் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். என் வாய்க்குப் பயந்துகொண்டிருந்த ஊருக்கு முன்கூட்டியே மணி அடித்துவிட்டு வருகிற ஆளாகிப்போனேன், அதனாலோ என்னவோ என்மேல் எல்லோருக்கும் கொஞ்சம் பிரியமும் வந்துவிட்டது, அது எனக்குச் சத்தத்தைவிட எரிச்சலாக இருந்தது.

சிக்கந்தர் பாய் மட்டும் விடவில்லை. கொட்டகையில் என்னை நிறுத்தி, “எந்த ஸ்பீடுல வருது?” என்று கேட்டார். சும்மா நின்றால் வராது. நடந்தால் வரும். ஓடினால் போய்விடும். யாரையாவது திட்டினால் நின்ற இடத்திலேயே வரும். என்னை நடக்கவிட்டுப் பாய் பின்னாலேயே வந்து ஒவ்வோர் இடமாக அமுக்கிப் பிடித்தார். தாடையைப் பிடித்தார், முட்டிக்குப் போனது. முட்டியில் தேங்காயெண்ணெய் தேய்த்துச் சைக்கிள் ட்யூபைச் சுற்றினார், தோள்பட்டைக்குப் போனது. தோளைப் பிடித்தார், விலாவுக்குப் போனது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார், “எல்லா போல்ட்டும் டைட்டாத்தான் இருக்குது நாச்சி. நீதான் லூசு.”

அப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் என் மகள் ரேணுகா எட்டாம் மாசத்திலேயே பெற்றுவிட்டாள்.

பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்திரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தப் பிஞ்சு நெஞ்சுக்குள் ஈரநூலை உருவுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், கீர்ர்... கீர்ர் என்று. டாக்டர் இரண்டு விசயம் சொன்னாராம். பகலெல்லாம் யாராவது ஒருவர் வெறும் நெஞ்சின் மேல் குழந்தையைப் போட்டு, மேலே துண்டைப் போர்த்தி, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், கங்காரு குட்டியை வைத்திருக்கிற மாதிரி. அடுத்தது, தூக்கிவாரிப் போடுகிற சத்தம் எதுவும் கேட்கக் கூடாது. நான் இந்த இரண்டையும் கேட்டுவிட்டு என் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு சந்தைக் கொட்டகைக்குக் குடிபோய்விட்டேன்.

தினமும் வருவேன். தெருவுக்கு அந்தப் பக்கத்து வேப்பமரம் வரைக்கும் வந்து, அங்கே கல் மாதிரி நின்றுகொள்வேன். பூங்கொடி சன்னலில் குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். அவ்வளவு தூரத்துக்கு ஒரு துணிப் பொட்டலம்தான் தெரியும். ஒரு நாள் அவள் தெருவைக் கடந்து வந்து என் எதிரில் நின்றாள்.

“ஏனுங், நின்னாத்தான் சத்தம் வராதுல்லங். உள்ள வந்து ஒருக்காத் தூக்குங்.”

“நா வரல.”

“சொந்தப் பேத்தியத் தூக்கறக்குமா பேரம்?”

“துண்டப் போத்திப் படுத்திருக்கறா பூங்கொடி. உள்ள நா கைய வெச்சு, இது அவளுக்குப் போயிருச்சுன்னா? ஒன்றரைக் கிலோ ஒடம்பு. எங்க வெச்சுக்குவா இத்தன சத்தத்த?”

பூங்கொடி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், வியர்வைதான் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

மறுநாள் பஸ் ஏறி மாரப்பன் ஊருக்குப் போனேன். சூரியகாந்திக் காட்டோரம் பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் என் கறுப்பு வண்டி, அதைப் பிடித்துக்கொண்டு அவன் பொண்டாட்டி. வழியெல்லாம் அவன் என்னென்ன கேட்பான், எதற்கு எவ்வளவு இறங்கலாம் என்று பத்துவிதமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

“சத்தத்தத் திருப்பி எடுத்துக்கோணும். பேத்தி பொறந்திருக்கறா, மாசம் நெறையாமப் பொறந்துட்டா, என்னால கிட்டப் போக முடியல. என்ன கேக்கற, சொல்லு.”

மாரப்பன் கையை லுங்கியில் துடைத்து நீட்டினான். “துண்டப் போடுங்க.”

“என்ன வேணும்னு மொதல்ல சொல்றா.”

“ஒண்ணும் வேண்டாமுங்க. கொழந்தைக்குத்தானுங்களே.”

“சத்தம் வந்தாப் பூச்சி கலைஞ்சு போயிரும்டா. பொழப்புக்கு என்ன பண்ணுவ?”

“தலையில வெச்சுத் தூக்கிக்குவமுங்க. முன்னால அப்பிடித்தானுங்களே.”

அவன் பொண்டாட்டி முந்தானை நுனியை எடுத்து வண்டியின் சீட்டை ஒரு முறை துடைத்தாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி. எனக்கு வந்ததே கோபம்! “அட மடப்பயலே! பேரம் பேசறக்கு ஒனக்கு ஒருத்தருமே சொல்லித் தரலையாடா? கேட்டதுமே கைய நீட்டுனா ஊருக்குள்ள உன்ன வித்துத் தின்னு ஏப்பம் விட்டுருவானுகடா!” என் உடம்பு கடகடத்தது, பெட்டிகளுக்குள் தேனீக்கள் ரீங்காரத்தை ஏற்றின, மாரப்பன் கையை நீட்டியபடியே சிரித்துக்கொண்டு நின்றான். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன், சத்தமும் என்னோடு சேர்ந்து திட்டிக்கொண்டே வந்தது.

அந்த ஐப்பசியில் மழை ஒரு வாரம் விடவில்லை. ஊர் முழுக்க இருமலும் காய்ச்சலும். முதலில் ரேணுகா படுத்தாள், மூன்றாம் நாள் பூங்கொடி. மாப்பிள்ளை லாரியோடு நாக்பூருக்கு அந்தப் பக்கம் இருந்தார், வந்துசேர மூன்று நாளாகும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கிராமத்து நர்ஸம்மா குடையோடு வந்து, குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறினாள். பாதம் சில்லிட்டிருந்தது. கீர்ர் என்ற சத்தத்துக்கும் அடுத்த கீர்ருக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டிருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது, சுற்றித்தான் வர வேண்டும், முக்கால் மணி நேரமாகும் என்றார்கள்.

“அதுவரைக்கும் சூடு போகக் கூடாது. இருமல் இல்லாத நெஞ்சு ஒண்ணு வேணும். ஆரு இருக்கறீங்க?” என்றாள்.

ரேணுகா படுத்த இடத்திலிருந்து சன்னலைக் காட்டினாள். வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டு நான் நின்றிருந்தேன்.

நர்ஸம்மா வாசலுக்கு வந்து கை தட்டிக் கூப்பிட்டாள். தெருவைக் கடகடவென்று கடந்து போய், வாசற்படியில் நின்று, துண்டைப் பற்றியும் சந்தைச் சட்டத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏனுங், வயித்துக்குள்ள இருந்தப்ப அவிங்கம்மா நெஞ்சும் கொடலும் போட்ட சத்தத்துக்கு உங்க சத்தமெல்லாம் ஒண்ணுமே இல்லீங். ஈரச் சட்டையக் கழட்டித் தொடச்சுட்டு உக்காருங்,” என்றாள். என் ஆயுசில் என்னிடம் இவ்வளவு சீக்கிரம் யாரும் பேரத்தை முடித்ததில்லை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். குழந்தையை என் நெஞ்சில் போட்டாள். கனமே இல்லை, கொஞ்சம் வெயில் மட்டும் விழுந்த மாதிரி இருந்தது, அதுவும் ஆறிக்கொண்டிருக்கிற வெயில். மேலே போர்த்துவதற்குக் கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள், துவைத்துக் காயப்போட்டிருந்த என்னுடைய சந்தைத் துண்டு. வேண்டாம் என்று சொல்வதற்குள் போர்த்திவிட்டாள். உள்ளே என் கை குழந்தையின் முதுகில் இருந்தது. கரண்டு போய் ஃபேன் நின்றிருந்தது. கீர்ர்... ரொம்ப நேரம் ஒன்றுமில்லை... கீர்ர்.

அப்போது துண்டுக்கடியில் ஒரு கை என் ஆள்காட்டி விரலைப் பிடித்தது.

முப்பது வருசத்தில் எத்தனையோ கை பிடித்திருக்கிறேன். காய்ப்புக் கை, மோதிரக் கை, வியர்க்கிற கை, பொய் சொல்கிற கை. இத்தனை சின்னதாக ஒரு கை, இத்தனை இறுக்கமாகப் பிடித்ததில்லை. ஒற்றை விரல் பிடித்தால் எங்கள் சந்தையில் ஒன்று என்று அர்த்தம். “என்ன கண்ணு கேக்கற?” என்றேன். அவள் விடவில்லை. அந்தப் பிடியில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது: துண்டுக்கடியில் இரண்டு கை இருக்கிறது, சரக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மட்டுமா போகும், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் வரும், இத்தனை வருசம் அதிலேயே சோறு தின்றவன், என்னிடமிருந்து போய்விடுமோ என்று பயந்து பயந்து, எனக்கு வரும் என்பதை மறந்தேபோனேன்.

வாயைத் திறந்து சொன்னால்தான் சட்டம். குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன், மாரப்பனிடம் சொன்ன அதே வார்த்தைதான், ஆனால் ஒரு துளிகூடச் சூடு இல்லாமல்.

“கண்ணு, மூச்சு உனக்கு. சத்தத்த நா வெச்சுக்கறன்.”

விரலை ஒரு தரம் அமுக்கினாள். நான் அமுக்கினாள் என்றுதான் சொல்வேன்.

சத்தம் நின்றுவிட்டது.

வீட்டுக்குள் மழை பெய்கிற ஓசை மட்டும் இருந்தது. உள்ளறையிலிருந்து பூங்கொடி, “ஏனுங், சத்தத்தக் காணமுங்!” என்று அலறிக்கொண்டு எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸம்மா துண்டுக்குள் கையை விட்டு, ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். எனக்கு அந்த நேரத்தில் எந்தச் சாமி பேரும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள். “மூச்சு நல்லா வருது. சத்தந்தான் இல்ல,” என்றாள். அவள் சொல்லி முடிக்கும்போது என் நெஞ்சுக்குள்ளிருந்து ஈரநூலை உருவுகிற மாதிரிக் கேட்டது: கீர்ர்.

ஆம்புலன்ஸ் வந்தது, பெரிய டாக்டர் பார்த்தார், ஒன்றுமில்லை, பால் குடிக்கட்டும் என்று அனுப்பினார். அடுத்த சந்தையன்று சுங்கக்காரன் என்னைப் பார்த்ததும் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டு, பழைய சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு ‘சத்தம் - இரண்டு’ என்று புதுசாக எழுதிக் கொடுத்தான். மாரப்பன் ஒரு பாட்டில் தேனோடு வந்து, இப்போதாவது அந்தப் பெரிய சத்தத்தைக் கொடுங்கள் என்று கையை நீட்டினான். “ஒருக்காலுந் தர மாட்டன், போடா,” என்றேன். சிக்கந்தர் பாய் ஸ்குரூ டிரைவரை என் நெஞ்சில் வைத்துக் காதைக் கொடுத்து ரொம்ப நேரம் கேட்டார், அப்புறம் அதைத் துடைத்து டப்பாவில் போட்டுவிட்டு, “இத முடுக்கக் கூடாது நாச்சி,” என்றார்.

ஆக இப்போது நடந்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று. பேத்தி அமுதினிக்கு நாலு முடிந்து அஞ்சு நடக்கிறது. தொண்டை என்னை மாதிரி, தெருவே அதிரும். சாயங்காலம் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மடியில் ஏறி, பாய் செய்ததாக யாரோ அவளுக்குச் சொன்ன மாதிரியே, என் தாடையை அமுக்கிப் பார்க்கிறாள், தோளை அமுக்கிப் பார்க்கிறாள், முட்டியை, விலாவை, ஒவ்வோர் இடமாக. கடைசியில் உள்ளங்கையை நெஞ்சில் வைக்கிறாள். கீர்ர் நின்றுபோகிறது.

“புடிச்சிட்டன் அப்புச்சி! இங்கதான் இருக்குது!”

“அங்க இல்ல கண்ணு,” என்கிறேன், ஆயுசெல்லாம் பொய் சொல்லியே வண்டி விற்றவன். “இன்னுந் தேடு.”